சிம்போசியத்தைக் கரைக்குக் கொண்டுவாருங்கள்

இராமநாதபுரம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும், போட்டிகளை முன்நின்று நடத்தும் மாணவர் மன்றத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வரும் ஜூன் முதல் வாரத்தில், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முன்னால், நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டியைக் கடற்கரையில் நடத்த வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். கரையில் பந்தல் போட்டு, படகுக்காரர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் உட்காரவைத்து, அவர்கள் சொல்லும் சிக்கலுக்கு மாணவர்கள் கருவி செய்து காட்ட வேண்டும். அதை அவர்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். லேத்தும் வெல்டிங்கும் இருப்பதால், பிப்ரவரி மார்ச்சில் சிம்போசியம் என்ற கல்லூரித் தொழில்நுட்பப் போட்டி விழா களைகட்டும்போது கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். ரோபோவுக்குச் சட்டம் வெட்ட, மோட்டாருக்குக் கிளாம்ப் அடிக்க, கியர் சக்கரத்துக்குத் துளை போட என்று ஏதாவது வேலை இருக்கும். "அண்ணே, நாளைக்குக் காலையில சென்னை பஸ்" என்று ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் திறமையை என் கண்ணால் பார்க்கிறேன். அந்தத் திறமை எங்கே போய்ச் செலவாகிறது என்பதையும் பார்க்கிறேன். பேசாமல் இருக்க முடியவில்லை.

மீனவர் பெயரைச் சொல்லிச் செய்யப்படும் மாணவர் ப்ராஜெக்ட்டுகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜிபிஎஸ் ரிசீவர், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டு, சின்ன எல்சிடி திரை, ஒரு பஸர். படகு கடல் எல்லையை நெருங்கினால் பஸர் அலறும். "மீனவர்களுக்கான எல்லை எச்சரிக்கைக் கருவி" என்று தலைப்பு. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ கல்லூரிகளில் இதே ப்ராஜெக்ட் செய்யப்பட்டிருக்கிறது. செய்த பிள்ளைகளின் மனசு நல்லது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எங்கள் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் எப்போதோ வந்துவிட்டது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த கோடு எங்கே ஓடுகிறது என்று படகு ஓட்டும் டிரைவர்களுக்குத் தெரியும். கோடு தெரியாததா அவர்கள் சிக்கல்? கடல் இங்கே குறுகலானது. மீன் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் பிழைப்பு. அது அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டியது. பஸர் வைத்துத் தீராது.

அதே எல்லை விவகாரத்துக்குள் பொறியாளர் கைவைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோவது. நின்ற படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும், கோட்டுக்கு அந்தப் பக்கமும் கொண்டுபோய் விடும். இன்ஜின் ஏன் நிற்கிறது? பல படகுகளில் கடல் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விக்கிறார்கள். உறிஞ்சும் வாயில் பாலித்தீன் பையோ கடல்தாழையோ அடைத்துக்கொள்ளும். அல்லது பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரின் இதழ் பிய்ந்து போயிருக்கும். தண்ணீர் ஓட்டம் குறைந்தது யாருக்கும் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. ஹெட் சூடேறி, கேஸ்கெட் போய், புகை வந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். டீசலில் தண்ணீர் கலந்து நிற்பது இன்னொரு வகை. தண்ணீர் ஓட்டம் குறையும்போதே டிரைவர் கண்ணுக்குச் சிவப்பு விளக்கு காட்டும் ஒரு சின்னக் கருவி போதும். மலிவாக இருக்க வேண்டும், இந்த உப்பைத் தாங்க வேண்டும், எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே ரிப்பேர் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படி ஒன்றைச் செய்துகொண்டு இதுவரை ஒரு மாணவர் குழுகூட என் பட்டறைக்கு வந்ததில்லை. காரணம் எளிது. அவர்களிடம் யாரும் இந்தச் சிக்கலைச் சொன்னதே இல்லை.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏசி அறையில் வேலை செய்யும் போர்டு எங்கள் கரையில் ஏன் செத்துப்போகிறது என்பதை வகுப்பறையில் யாரும் காட்டிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். எங்கள் கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். மழை வேண்டாம், அலை வேண்டாம், மூடிவைத்த டப்பாவுக்குள்ளேயே மின்சாரம் கடத்தும் ஒரு படலம் உருவாகிவிடும். ஜம்பர் வயரின் ஊசிகளில் பச்சை பூக்கும். ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் இரண்டு கண்களும் திறந்தே கிடப்பதால் அதுதான் முதலில் போகும். எவர்சில்வர் போல்ட்டை அலுமினியத் தகட்டில் முடுக்கினால், இரண்டும் சேர்ந்து உப்புத் தண்ணீரில் ஒரு பேட்டரியாகி, போல்ட்டைச் சுற்றி அலுமினியம் பொடியாக உதிரும். இதையெல்லாம் தடுக்க வழி இருக்கிறது. போர்டை எபாக்சியில் மூழ்கடித்து உறையவைக்கலாம். மேல்பூச்சு கொடுக்கலாம். உலோகம் மாறும் இடத்தில் நைலான் வாஷர் வைக்கலாம். படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைத்து, கடல் அதை அரிக்கட்டும் என்று விட்டு உருக்கைக் காப்பாற்றலாம். இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபம் கேம்ப்பில் தனி நிலையமே வைத்தது. அவ்வளவு கடுமையான காற்று இது. உங்கள் மாணவர்களுக்கு இது வீட்டு வாசலில் கிடக்கிறது. இதைத் தாண்டிப்போய் வேறு ஊர் ஆடிட்டோரியத்தில் கோடு பின்தொடரும் ரோபோ ஓட்டிவிட்டு வருகிறார்கள்.

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் தூக்கு, ஆட்கள் கையால் நெம்பித் திறக்கும் முறை. 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தபோது, ஆறு மாதம் ஆகும் என்று போட்ட கணக்கை மீறி ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் ஓட்டிக் காட்டினார்கள். கடலுக்குள் விழுந்த இரும்புத் தூலங்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அரிப்பைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு பாலங்கள், ஒரே உப்புக்காற்றுக்கு இரண்டு விடைகள். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மூன்று துறைக்கும் ஒரு கருத்தரங்கு நடத்த இதைவிட நல்ல பொருள் எந்த ஊரில் கிடைக்கும்?

அடுத்து, பாசி எடுக்கும் பெண்கள். சின்னப்பாலத்திலும் இன்னும் பல கரையோர ஊர்களிலும் எங்கள் அக்கா தங்கச்சிகள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்கும், சொறிமுட்டை அரிக்கும், உப்பு கண்ணைத் தின்னும். அந்தத் தகட்டையும் கண்ணாடியையும் அவர்களே பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்டார்கள். எந்தப் பொறியாளரும் வந்து அளவெடுத்துச் செய்துகொடுக்கவில்லை. அடுத்தது வளர்ப்புப் பாசி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்த்து, 45 நாளில் அறுக்கிறார்கள். காற்று முறுகினால் மிதவை உடைகிறது. அறுத்த பாசியை மணலிலும் வலை விரித்தும் காயப்போடுகிறார்கள், ஒரு திடீர் மழையில் எல்லாம் வீணாகும். அரசு வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா அமைக்க வேலை தொடங்கியிருக்கிறது. அங்கே வேண்டிய உலர்த்தியை, மிதவையின் மூட்டை, கயிற்றில் நாற்று முடியும் கருவியை வெளிமாநிலத்துக் கம்பெனியிடம் வாங்கப்போகிறோமா, நம் பிள்ளைகள் செய்யப்போகிறார்களா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த வளர்ப்புப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மேல் படர்ந்து சேதம் செய்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே கருவி செய்யும் மேசையில் கடல் உயிரியல் படித்தவரும் உட்கார வேண்டும். ஆளுக்குப் பஞ்சமில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது, இன்றும் அதன் மண்டல மையம் இங்கே இருக்கிறது. எங்கள் பட்டறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். கல்லூரிப் பஸ் அங்கே நின்று நான் அதிகம் பார்த்ததில்லை.

குடிதண்ணீர் தள்ளுவண்டியை இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குடங்கள் உட்காரும் இரும்பு வளையம், கீழே சின்னச் சக்கரம். உள்ளூர் வெல்டர் செய்தது. அதன் சக்கரம் மணலில் புதையாமல், பேரிங் துருப்பிடிக்காமல், வயசான அம்மாவும் ஏற்றத்தில் தள்ளும்படி திருத்திக் காட்டும் குழுவுக்கு நானே பரிசு தருவேன்.

இப்போது நடுவர்கள் விஷயம். சிம்போசியத்தில் நடுவராக இருப்பவர் வேறு கல்லூரிப் பேராசிரியர். நல்லவர்தான், படித்தவர்தான். ஆனால் அவர் பார்ப்பது ஐந்து நிமிட விளக்கத்தையும் ஸ்லைடையும். கருவி அந்த ஐந்து நிமிடம் ஓடினால் போதும். வாகனம் செய்யும் பாஜா போட்டியைப் பாருங்கள். 2007-லிருந்து பிதாம்பூரில் நடக்கிறது. மாணவர்கள் கட்டிய வண்டி கரடுமுரடான பாதையில் நான்கு மணி நேரம் ஓடியாக வேண்டும். வெல்டிங் விட்டுப்போனால் வாய்ப்பேச்சு காப்பாற்றாது. அந்த நேர்மை நம் போட்டிக்கும் வேண்டும். நான் கேட்பது இதுதான். ஜூனில் பரிசு அறிவிக்கும்போது பாதித் தொகையைக் கொடுங்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அடுத்த நாள் படகு கடலுக்குப் போகும்போது கருவியும் படகில் ஏறட்டும். ஆடி மாதம் கழிந்த பிறகு கரையில் மறுபடி கூடுவோம். கருவி இன்னும் வேலை செய்தால் மீதித் தொகை. வேலை செய்யவில்லை என்றால் கழற்றிப் பார்த்து, எங்கே துரு ஏறியது, எந்த வயர் விட்டது என்று எழுதிவைப்போம். அந்தக் குறிப்பு அடுத்த ஆண்டுக் குழுவுக்குப் போகட்டும். நடுவர் வரிசையில் ஒரு படகு டிரைவர், ஒரு பாசி எடுக்கும் அக்கா, ஒரு மெக்கானிக், ஒரு பேராசிரியர் இருக்கட்டும். மதிப்பெண் எல்லோருக்கும் சமம்.

பெரிய போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நல்ல ஏற்பாடு. ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும் என்ற ஒரே விதி எத்தனையோ பெண்பிள்ளைகளைக் குழுவுக்குள் கொண்டுவந்தது. அமைச்சகங்களும் துறைகளும் சிக்கலைத் தருகின்றன, மாணவர்கள் விடை தேடுகிறார்கள். மென்பொருள் பிரிவுக்கு 36 மணி நேரம் விடாத வேலை. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் நிரல் திருவிழா என்று புத்தாக்கப் போட்டி நடக்கிறது. அந்தச் சிக்கல் பட்டியலில் நம் கரையின் சிக்கல்களும் ஏறட்டும் என்கிறேன். மீன்வளத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் ஒரு மாதிரி வரும், கரையில் கேட்டு எழுதினால் வேறு மாதிரி வரும். கரையில் கேட்டு எழுதித் தருவதை உங்கள் கல்லூரி மன்றங்கள் பொறுப்பாக ஏற்கலாம்.

தூரத்தையும் நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். பதிவுக் கட்டணம், பஸ், சாப்பாடு, தங்க இடம். பெண்பிள்ளை என்றால் ஒரு துணையும் போக வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். மீன்பாடு இல்லாத வாரத்தில் அந்தக் காசு எங்கிருந்து வரும்? திறமையுள்ள பிள்ளைகள் "எனக்கு இண்டரஸ்ட் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். காசு இல்லை என்பதைக் கூட்டாளிகள் முன்னால் சொல்ல முடியாமல் சொல்லும் சொல் அது. நிதி ஆயோக் 2018-ல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் சேர்த்த இரண்டில் ஒன்று நாம். கீழக்கரையில் 1984-லேயே பொறியியல் கல்லூரி வந்துவிட்ட மாவட்டமும் நாம்தான். வெளியூர்க் கல்லூரிகள் பஸ் ஏறி நம்மிடம் வரட்டும். சென்னைப் பிள்ளைகளுக்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கும் இந்தக் காற்றில் தங்கள் போர்டு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க ஆசை வராமலா போகும்? கலாம் ஐயா படம் இல்லாத சிம்போசியம் பேனரை நான் பார்த்ததில்லை. படகு கட்டிய தகப்பனாரின் கரையில் வளர்ந்தவர் அவர். அந்தக் கரைக்கு அவர்களை அழையுங்கள்.

மாநாடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இது என் மனசை அறுக்கும் விஷயம். எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா நண்டுவலைக்காரர். பாசி உலர்த்தும் பெட்டி ஒன்றைச் செய்து, வெப்பநிலை, எடை எல்லாம் வெயிலில் நின்று நாள்கணக்கில் குறித்துவைத்தாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றின் "சர்வதேச மாநாட்டில்" கட்டணம் கட்டிக் கட்டுரை படித்தாள். நான்கு நிமிடம் கொடுத்தார்கள். ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. எதிரில் இருந்தவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்த மாணவர்கள் மட்டும். சான்றிதழோடு வந்தாள். அந்தப் பெட்டியைப் பற்றி அதன்பின் அவள் பேசுவதே இல்லை.

இப்படி மாநாடுகள் பெருகியதற்குக் காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக், என்பிஏ அமைப்புகளின் அங்கீகாரத்துக்குக் கோப்பு காட்ட வேண்டும். 2016 முதல் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை வேறு. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கிறார்கள். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலையே கைவிட்டு, எது தரமான இதழ் என்று பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே கொடுத்துவிட்டது. தரம் என்னவென்று நீங்களே முடிவு செய்யும் காலம் இது. கரையில் நடக்கும் கூட்டத்தில் கட்டுரை வாசிப்பும் இருக்கட்டும். ஒருவருக்கு அரைமணி நேரம், அதில் பாதி கேள்விக்கு. தமிழில் வாசிக்கலாம் என்று அறிவியுங்கள், கேட்பவர்கள் படகுக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு எந்த மாநாட்டிலும் பதில் தயாரித்திருக்க முடியாது. ஓடாமல் போன கருவியைப் பற்றிய கட்டுரைக்குத் தனிப் பிரிவு வையுங்கள். அதிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொள்வேன்.

ஏன் ஜூன் முதல் வாரம் என்று கேட்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்போம். மற்ற மாதங்களில் மாணவர் பார்க்கவே முடியாத ஷாஃப்ட்டும் கியர் பாக்ஸும் திறந்து கிடக்கும். ஆட்களுக்கும் நேரம் இருக்கும். ஏப்ரல் மே முழுக்க உங்களுக்குப் பரீட்சை, அதனால் ஜூன். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் விடியற்காலம் போய்த் திரும்பியதும் மதியத்துக்கு மேல் வருவார்கள்.

இடம் வடகடல் பக்கம் இருக்கட்டும். ஜூனில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் ஆழமும் குறைவு, அலையும் அடங்கியிருக்கும், பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மிதவையைச் சோதிக்கலாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் இறக்கக்கூடாது. பாதுகாப்புக்கு நீச்சல் தெரிந்த எங்கள் ஆட்கள் நிற்பார்கள். பெற்றோரிடம் நான் வந்து பேச வேண்டும் என்றாலும் வருகிறேன்.

செலவு பெரிதில்லை. பந்தல், குடிநீர், சாப்பாடு. சாப்பாட்டைப் பாசி எடுக்கும் பெண்களின் மகளிர் குழுவிடமே கொடுங்கள். மேடையும் பொன்னாடையும் வேண்டாம். பதிவுக் கட்டணம் வாங்காதீர்கள், இதை மட்டும் கைகூப்பிக் கேட்கிறேன்.

முதல் வேலையை மார்ச்சுக்குள் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஓர் ஆசிரியரும் நான்கு மாணவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வரட்டும். படகுச் சங்கத்திலும் மகளிர் குழுவிலும் நான் பேசி ஆட்களை உட்காரவைக்கிறேன். சிக்கல்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏப்ரல் தொடக்கத்தில் பட்டியலை எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புங்கள். போட்டி நடக்கும் நாள்களில் என் பட்டறையின் லேத்தும், வெல்டிங் மெஷினும், டிரில்லிங் மெஷினும் இரவு பகல் மாணவர்களுக்குத் திறந்திருக்கும். கரன்ட் பில்லும் ராடு செலவும் என்னுடையது. இன்ஜின் குளிர்விப்புக் கருவியைச் சோதித்துப் பார்க்க, பிரித்து மாட்டிய பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைத் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி ஓடவைத்துத் தருகிறேன்.

நீங்கள் மண்டபத்துக்கு வரும் ஞாயிறு எது என்று முடிவானதும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
மண்டபத்துப் படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவன்